சுவர் எந்த டீம்?

"அப்பா, சுவர் எந்த டீம்?"

பாப்பாவுக்கு நாலரை வயதாக இருந்தபோது கேட்ட கேள்வி இது. அன்றைக்குத்தான் அவளை முதன்முதலாக அரங்கத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். உள்ளரங்குக் கால்பந்தில் பந்து வெளியே போவதே கிடையாது. சுற்றிலும் இடுப்பு உயரத்துக்குப் பலகைச் சுவர். ஆட்டக்காரர்கள் சுவருக்கே பந்தைக் கொடுத்து, அது திருப்பித் தருவதை ஓடிப் போய் வாங்கிக்கொள்வார்கள். சிவப்புச் சட்டைக்கும் கொடுக்கிறது, மஞ்சள் சட்டைக்கும் கொடுக்கிறதே என்று குழந்தைக்குச் சந்தேகம்.

அவள் அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டு டீமும்தாம்மா" என்றான்.

"அப்ப அதுக்கு டபுளா வலிக்குமே?"

சிரித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

பத்து வருஷம் கழித்து இந்தச் சனிக்கிழமை காலை, அதே கேள்வி அவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. இன்னைக்கு பைக்ல நான் தனியாப் போறேன். அவரு பஸ்ல வரட்டும்."

உங்க வீட்டுக்காரர் என்று தம்பி சொன்ன பாப்பாவின் அப்பா இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தான்.

"அவன்கிட்ட சொல்லு. வார்ம்-அப் ஒண்ணே முக்காலுக்கு. லேட்டா வந்தா பெஞ்சுதான்."

"பெஞ்சு எனக்குப் பழக்கம்தான்னு சொல்லுங்க அண்ணி. போன வாரம்கூட ரெண்டு நிமிஷம் ஸ்பெஷல் கிளாஸ் நடந்துச்சு."

"கிண்டல் பண்றதுக்கு இது நேரமில்லன்னு சொல்லு."

"குதிக்கிறதுக்கு மட்டும் நேரமிருந்துச்சான்னு கேளுங்க."

அண்ணி வெண்ணெய்க் கத்தியை மேஜைமேல் வைத்தாள். வைத்த சத்தத்தில் இரண்டு பேரும் வாயை மூடினார்கள்.

"ஏழு நாளா நான் தபால் ஆபீஸ் நடத்துறேன். ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு, காதும் இருக்கு. நடுவுல நான் எதுக்கு? ரொட்டிக்கு வெண்ணெய் தடவவா, உங்க சண்டைக்குத் தடவவா?"

பாப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நீதாம்மா சுவர்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவள் அப்பாவின் கையில் முட்டை ஒரு கணம் நின்றது.

சென்ற வாரம் படித்தவர்களுக்கு நடந்தது நினைவிருக்கும். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை.

பதினாறு வருஷம் உள்ளரங்கில் ஆடிய பாப்பாவின் அப்பாவுக்கு ஊரார் வைத்த பெயர் ஸ்பிரிங். இந்த ஆட்டத்தில் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர்தான் உள்ளே இருக்கலாம். ஆனால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆளை மாற்றிக்கொள்ளலாம். "மாத்து!" என்று ஒரு குரல் கேட்டால் உள்ளே இருப்பவன் வெளியே வரவேண்டும், பெஞ்சில் இருப்பவன் உள்ளே போகவேண்டும். எல்லோரும் கதவு வழியாகப் போவார்கள். இவன் மட்டும் சுவரில் ஒரு கையை ஊன்றி ஒரே தாவாகத் தாவுவான். கைதட்டல் கிடைத்தது. பெயர் கிடைத்தது. முப்பத்தாறு வயதில் முழங்காலும் போய்விட்டது.

ஆடக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, கிளப் அவனைக் கைவிடவில்லை. மூன்று மாதத் தற்காலிக உரிமத்தோடு பயிற்சியாளன் ஆக்கியது. அந்த மூன்று மாதமும், தவறு செய்தால் நடுவர் காட்டும் நீல கார்டு ஒன்றுகூட அவன் பெயரில் விழாமல் இருந்தால் நிரந்தரம். அதற்கு இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி.

போன சனிக்கிழமை, மூன்றுக்கு மூன்று என்று ஆட்டம் நின்ற நேரத்தில், பந்து பெஞ்சுக்கு எதிரே தனியாக உருண்டு வந்தது. பக்கத்தில் யாருமில்லை. மூளை வேண்டாம் என்று சொல்வதற்குள் உடம்பு தாவிவிட்டது. தேய்த்த பேண்ட், உள்ளே செருகிய சட்டை, கழுத்தில் விசில். பந்தை அழகாக நிறுத்தி, இடது பக்கம் தள்ளி, "மேல போ!" என்று கத்திய பிறகுதான், தான் ஏழாவது ஆள் என்று அவனுக்குத் தெரிந்தது.

நீல கார்டு. இரண்டு நிமிடம் ஓர் ஆள் குறைவு. தவறு பெஞ்சுடையது என்றால், ஆட்டக்காரர்களில் ஒருவன் தண்டனைப் பெட்டியில் போய் உட்கார வேண்டும். யாரை உட்கார வைப்பது என்று பயிற்சியாளன்தான் சொல்லவேண்டும். அவன் விரல் நேராகத் தன் தம்பியை நோக்கி நீண்டது. பதினொன்றாம் எண்.

அந்த இரண்டு நிமிடத்தில் எதிரணி கோல் போட்டது. ஆட்டமும் போயிற்று. மேல் வரிசையில் துறைமுக அணியின் மேனேஜர் உட்கார்ந்து தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. துறைமுக அணியில் சேர்ந்தால் ஆட்டத்தோடு துறைமுகத்தில் வேலையும் உண்டு. பார்சல் வேன் ஓட்டும் இருபத்து நாலு வயதுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று மூடிய தம்பியின் வாய் அண்ணனிடம் இன்னும் திறக்கவில்லை.

அப்படியும், இன்று காலையில் ஸ்பிரிங்கின் நாற்காலிக்குக் கீழே முழங்கால் தைலம் மூடியைத் திருகித் திறந்து தயாராக வைக்கப்பட்டிருந்தது. தினமும் அதை எடுத்து வைப்பது தம்பிதான். கோபம் ஏழு நாளாக இருந்தது. தைலம் ஏழு நாளும் தவறவில்லை. சண்டை போடுகிற வீடுகளில் இப்படி ஏதாவது ஒன்று சண்டையில் சேராமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வீடு நிற்பது அதனால்தான்.

---

ஒன்பதே காலுக்கு ஸ்பிரிங்கின் போன் அடித்தது. மாடிப்படிக்கு வந்து பேசினான்.

துறைமுக மேனேஜர் மெதுவாகப் பேசும் மனிதர்.

"உங்க தம்பி நல்லா ஆடுறான் சார். எனக்கு அவன் வேணும். ஆனா ஒரு சிக்கல். எங்க விதிப்படி ஒரு சீசன்ல நாலு நீல கார்டுக்கு மேல வாங்கினவனை எடுக்க முடியாது. லீக் ஷீட்ல அவன் பேர்ல அஞ்சு இருக்கு."

"அஞ்சா?"

"போன வாரத்தையும் சேர்த்து அஞ்சு." அந்தப் பக்கம் ஒரு சின்ன இருமல். "நான் அன்னைக்கு மேல உட்கார்ந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். யாரோ பேண்ட் சட்டையோட குதிச்ச மாதிரி ஞாபகம். ஆனா நான் பார்த்தது கணக்கில்ல. ஷீட்ல கையெழுத்துப் போட்டவங்கதான் திருத்தம் எழுதித் தரணும். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள லீக் ஆபீஸ் பெட்டியில விழுந்தா சரி. நாளைக்குப் பட்டியல் போயிடும்."

"சரிங்க."

"உங்களைக் குத்தம் சொல்லல. யோசிங்க."

போன் நின்ற பிறகும் ஸ்பிரிங் அதைக் காதிலேயே வைத்திருந்தான்.

நடந்தது இதுதான். ஆட்டம் முடிந்ததும், ஆட்டக் கணக்கு எழுதும் மேஜைக்காரர் ஷீட்டை நீட்டினார். 'தவறு செய்தவர்' என்ற கட்டத்தில் பயிற்சியாளர் என்று எழுதியிருக்க வேண்டும். பெட்டியில் உட்கார்ந்திருந்தவனின் முதுகைப் பார்த்து, அவசரத்தில் 'எண் 11' என்று எழுதிவிட்டார். ஸ்பிரிங் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். 'எப்படியும் ரெண்டு நிமிஷம் முடிஞ்சு போச்சு, யார் பேர்ல இருந்தா என்ன' என்று அப்போது தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். தம்பி பேரில் ஏற்கெனவே நாலு இருப்பதை அவன் எண்ணிப் பார்க்கவில்லை. தன் பேரில் ஒன்றும் இல்லாததை மட்டும் எண்ணினான்.

இப்போது அந்தக் கார்டைத் தன் பேருக்கு மாற்றினால் உரிமம் நின்றுபோகும். ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி கேட்கலாம். கிளப் அதுவரை காத்திருக்குமா? கால் ஏற்கெனவே போய்விட்டது. இதுவும் போனால் அவனுக்குத் தெரிந்த வேலை என்று வேறு எதுவும் இல்லை.

"யாருங்க போன்ல?" உள்ளேயிருந்து மனைவி.

"ராங் நம்பர்."

"ராங் நம்பர்கிட்ட அஞ்சு நிமிஷமா 'சரிங்க சரிங்க'ன்னு பேசுற ஒரே ஆளு நீங்கதான்."

---

ஸ்பிரிங்கின் மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள். சனிக்கிழமை அரை நாள். அந்த அரை நாளில்தான் ஊரில் உள்ள எல்லாப் பற்களும் ஒன்றாக வலிக்கும்.

"எனக்குப் பத்து மணின்னு சொன்னீங்களே?"

"ஆமாங்க. உங்களுக்கு முன்னாடி ஒன்பதரைக்காரர் இன்னும் வாயை மூடல."

பதினோரு மணிக்குத் தம்பி வந்தான். கையில் அவள் மறந்துவிட்டு வந்த மூக்குக் கண்ணாடி.

"சமையல் மேடைமேல இருந்துச்சு அண்ணி. கண்ணாடி இல்லாம பேரை மாத்திக் கூப்பிட்டீங்கன்னா, வேற யாரு பல்லையாவது பிடுங்கிடுவாங்க."

அவள் சிரித்தாள். ஒன்பது வயதுப் பையனாக இவனைப் பார்த்த நாளிலிருந்து, இவன் சொல்லும் ஜோக்குக்குச் சிரிப்பது அவளுக்கு வழக்கம். மாமியார் இல்லாத வீட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் பிள்ளை இவன்தான்.

"உட்காரு ஒரு நிமிஷம். ஏன்டா இப்படிப் பண்றே? அவருதான் கத்துற ஆளுன்னு தெரியும்ல?"

"கத்தினதுக்கா கோபம்?" அவன் நோயாளிகளுக்கான நாற்காலியில் உட்கார்ந்தான். "குதிச்சது அவரு, உட்கார்ந்தது நான். அதுகூடப் பரவாயில்ல. பெஞ்சுல எட்டுப் பேரு இருந்தாங்க. யோசிக்கவே இல்ல அண்ணி. விரலை என் பக்கம் நீட்டிட்டாரு."

"அடுத்தவங்க வீட்டுப் பிள்ளைய எப்படிடா உட்கார வைக்கிறதுன்னு நினைச்சிருப்பாரு."

"அப்படின்னா உட்கார வைக்கிறதுக்கு முன்னாடி வேண்டாம், உட்கார வச்சதுக்கு அப்புறமாவது 'ஸாரிடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல? நம்ம வீட்டுப் பிள்ளைன்னா அதுக்கு ஸாரி கிடையாதா?"

அவள் கணவன் பதினைந்து வருஷத்தில் அவளிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"துறைமுகம் என்னாச்சு?"

"நாளைக்குப் பட்டியல். என் பேர்ல நாலு கார்டுதான். நாலு வரைக்கும் எடுப்பாங்க. மயிரிழையில தப்பிச்சிருக்கேன்." அவன் எழுந்தான். "உங்க வீட்டுக்காரரை மட்டும் இன்னைக்குக் கட்டிப் போட்டு வைங்க அண்ணி. இன்னொரு தடவை அவரு குதிச்சா என்னால தாங்க முடியாது."

"ஏம்மா, பன்னிரண்டு மணின்னு சொன்னாங்களே!" என்றார் வாசலில் ஒரு பெரியவர்.

"இன்னும் மணி பன்னிரண்டு ஆகலைங்க."

"பல்லுக்குத் தெரியுமா அது?"

அவள் பல்லைக் கடித்தாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள் செய்யக் கூடாத காரியம்தான். தம்பி போன பிறகு 'கட்டிப் போட்டு' என்ற சொல் மட்டும் மேஜையிலேயே தங்கிவிட்டது. அவள் பார்வை, இலவச மாதிரிகள் வைத்திருந்த கிண்ணத்தின்மேல் விழுந்தது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு நூல். சின்னப் பெட்டி. அதன் மூடியிலேயே நூலை வெட்டுவதற்கு ஒரு துளி பிளேடு. அந்த நூலைக் கையால் அறுக்க முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

---

இரண்டரை மணி ஆட்டம். ஸ்பிரிங் அரங்கத்துக்கு வந்தபோது லீக் ஆபீஸ் திறந்துதான் இருந்தது. வாசலில் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி. பக்கத்தில் ஒரு தட்டில் திருத்தப் படிவங்கள். அவன் அதைக் கடந்து போனான். தண்ணீர் குடிக்கிற சாக்கில் திரும்பி வந்தான். மறுபடி கடந்து போனான். 'மேட்ச் முடியட்டும்' என்று நினைத்தான். தள்ளிப்போடுவதற்கு மனிதன் கண்டுபிடித்த வாசகங்களில் மிகவும் மரியாதையான வாசகம் அது.

கிளப் செயலாளர் பெஞ்சுக்கு வந்து அவன் காதோரம் குனிந்தார்.

"பாருப்பா. எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு. போன வாரம் நீ தாவினப்போ நான் பாதி உயிரை விட்டுட்டேன். மீதிப் பாதி இன்னைக்கு உன் கையில இருக்கு."

"இன்னைக்கு அசையமாட்டேன் சார்."

"கோல் போஸ்ட் மாதிரி நில்லு. அது போதும்."

சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்துக்கொண்டு அவன் பையன்களுக்கு வட்டமும் அம்புக்குறியும் போட்டுக்கொண்டிருந்தபோது, அவன் மனைவியும் மகளும் பெஞ்சுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். ஏதோ கீழே விழுந்ததை எடுப்பதுபோல மனைவி குனிந்தாள். குனிந்தவள் நிமிர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. பாப்பா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கடவுளே, அவர் காலை நீ பிடிச்சுக்கோ" என்று முணுமுணுத்தாள் மனைவி. "நூலை நான் பார்த்துக்கிறேன்." ஊரில் எல்லோரும் கடவுளின் காலைப் பிடிப்பார்கள். கடவுளையே காலைப் பிடிக்கச் சொன்னவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வேண்டுதலில் இருந்த அக்கறை கடவுளுக்குப் புரிந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் கால் பங்கில் ஸ்பிரிங் நாற்பது தடவை "மாத்து!" என்று கத்தினான். பாதியை யாரும் கேட்கவில்லை. ஆனால் செயலாளரிடம் சொன்னபடி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"கதவு வழியாப் போடா! கதவு எதுக்கு வச்சிருக்காங்க?" என்று ஒருவனைத் திட்டினான்.

"நீங்க கேக்குறீங்களா சார் அதை?" என்றான் அவன் ஓடிக்கொண்டே.

மூன்றாவது கால் பங்கு முடிந்தபோது நாலுக்கு நாலு. கடைசிக் கால் பங்கில் ஐந்து நிமிடம் இருக்கும்போது அது நடந்தது. எதிரணிக்காரன் ஒருவன் வழுக்கினான். பந்து சுவரை ஒட்டி, அதே இடத்தில், அதே வேகத்தில், தனியாக உருண்டு வந்தது. போன வாரம் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காகவே வந்ததுபோல இருந்தது.

ஸ்பிரிங்கின் கை சுவரைப் பிடித்தது. முழங்கால் மடங்கியது. உடம்பு கிளம்பியது.

பெஞ்சும் சேர்ந்து கிளம்பியது.

மூன்று மாற்று ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்த நீளப் பெஞ்சு, 'கர்ர்' என்று ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. ஒருவன் தண்ணீர் பாட்டிலோடு சரிந்தான். ஸ்பிரிங் குனிந்து பார்த்தான். இரண்டு ஷூவின் கயிறும் பெஞ்சுக் காலோடு சேர்த்து வெள்ளை நூலால் பதினைந்து சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடப்பட்டிருந்தன.

"எவன்டா இது?" என்று திரும்பினான்.

"உங்க பொண்டாட்டிதான். முன்னாடி பாருங்க, பந்து வருது!"

ஆட்டத்தின் நடுவில் இருந்த தம்பி இதைப் பார்த்துவிட்டான். "அண்ணி!" என்று கத்தினான். ஏழு நாளில் முதல் சிரிப்பு அவன் முகத்தில் வெடித்தது. சிரித்துக்கொண்டே பந்தை நோக்கி ஓடி வந்தான். அவனுக்கு எதிரே ஒரு தடியன் வழியை மறித்து நின்றான்.

ஸ்பிரிங்குக்கு இருந்தது குரல் ஒன்றுதான். நீளமாகக் கத்த நேரமில்லை.

"சுவர்!"

தம்பி யோசிக்கவில்லை. பந்தைச் சாய்வாகச் சுவருக்குக் கொடுத்தான். தடியனின் இந்தப் பக்கம் பந்து போனது, அந்தப் பக்கம் தம்பி போனான். சுவர் தனக்குக் கொடுத்ததை ஒரு பொட்டுக்கூடக் குறைக்காமல் அவன் காலில் திருப்பி வைத்தது. இடது கால். வலை உதறியது.

ஐந்துக்கு நாலு. அதற்கு மேல் யாராலும் கோல் போட முடியவில்லை.

---

மணி நாலேகால். மனைவி தரையில் உட்கார்ந்து, பெட்டி மூடியின் பிளேடால் நூலை அறுத்துக்கொண்டிருந்தாள். செயலாளர் சிரிப்பும் வியர்வையுமாக வந்தார்.

"இருபது வருஷமா கிளப் நடத்துறேன். பயிற்சியாளரைப் பெஞ்சோட கட்டி வச்சு ஜெயிச்சது இதுதான் முதல் தடவை! அம்மா, நீங்களும் சம்பளப் பட்டியல்ல வர வேண்டிய ஆளு." ஸ்பிரிங்கின் தோளைத் தட்டினார். "அடுத்த சனிக்கிழமை உன் மூணு மாசம் முடியுது. உன் பேர்ல ஒரு கார்டு இல்ல. அதுதான் எனக்கு முக்கியம். கமிட்டியில நானே எழுந்து பேசுறேன். இனிமே நீ தற்காலிகம் இல்ல."

"ரொம்ப நன்றி சார்" என்றாள் மனைவி. ஸ்பிரிங் மணி பார்த்தான்.

அவர் போனதும், அவன் குனிந்து அவள் விரல்களைப் பார்த்தான். நூல் இழுத்து இரண்டு விரலிலும் சிவப்புக் கோடு.

"வலிக்குதா?"

"எது? இதுவா? இது ஒண்ணுமில்ல."

"இது இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த மனிதனிடமிருந்து இப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. பதில் சொன்னால் அழுகை வந்துவிடும்போல இருந்தது. அதனால், "காலை எடுங்க, கடைசி முடிச்சு" என்றாள்.

அப்போது கதவருகே தம்பி வந்து நின்றான். தோளில் துண்டு, கையில் வண்டிச் சாவி. வாயைத் திறந்து அண்ணியைப் பார்த்தான். பிறகு பார்வையை மாற்றி, ஏழு நாளாகப் பழக்கம் விட்டுப்போனவனைப்போலக் கொஞ்சம் தடுமாறி, நேராகச் சொன்னான்:

"அண்ணா, இன்னும் எவ்வளவு நேரம்? வண்டி வெயில்ல நிக்குது. இந்தக் காலை வச்சுக்கிட்டு எந்த பஸ்ல ஏறப் போறே?"

"என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

"அண்ணியும் பாப்பாவும் பஸ்ல வருவாங்க. உன்னை பஸ்ல விட்டா டிரைவரைப் பார்த்து 'மாத்து'ன்னு கத்துவே."

பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அஞ்சு நிமிஷம்டா. ஒண்ணை மறந்து வச்சுட்டேன். எடுத்துட்டு வந்துடுறேன்."

"எப்பவும் இதே கதைதான்" என்று அலுத்துக்கொண்டே தம்பி வெளியே போனான். மனைவியும் மகளும் பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பினார்கள்.

நடைபாதையில் யாருமில்லை. லீக் ஆபீஸ் எழுத்தர் டீ குடிக்கப் போயிருந்தார். அவருடைய மின்விசிறி மட்டும் காலி நாற்காலிக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு நாற்பது. ஸ்பிரிங் தட்டிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தான். பெட்டியின் தலைமேலேயே வைத்து எழுத ஆரம்பித்தான். நின்றுகொண்டு எழுதுவது முழங்காலுக்கு வலித்தது.

தவறாகப் பதிவான பெயர்: எண் 11.

உண்மையில் தவறு செய்தவர்: அவன் தன் முழுப் பெயரை எழுதினான். ஊருக்கே மறந்துபோன பெயர். எழுதிப் பார்த்தபோது வேறு யாருடைய பெயரையோ எழுதியதுபோல இருந்தது. அதனால் அடைப்புக்குறிக்குள் 'ஸ்பிரிங்' என்றும் எழுதினான். யாருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது.

முதலில் கையெழுத்திட்டபோது பிழை உங்கள் கவனத்துக்கு வந்ததா? ஆம் / இல்லை.

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. 'இல்லை' என்று வட்டம் போட்டால் இது வெறும் எழுத்துப் பிழை. செயலாளர்கூட எப்படியாவது பேசிப் பார்ப்பார். அவன் பேனா கொஞ்ச நேரம் இரண்டு சொற்களுக்கும் நடுவில் நின்றது. வெளியே தம்பி வண்டியின் ஹாரனை ஒரு தடவை அடித்தான்.

'ஆம்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டான்.

கடைசி வரி: சாட்சி, இருந்தால்.

'இல்லை' என்று எழுதப் போனான். கை நின்றது. பெஞ்சில் கட்டுண்டு கிடந்த தன் கால் ஞாபகம் வந்தது. அதைப் பிடித்தது நூல் மட்டும்தானா என்று தோன்றியது. கடவுளின் பெயரை அங்கே எப்படி எழுதுவது என்று தெரியாமல் அந்த வரியை அப்படியே வெறுமையாக விட்டான்.

படிவத்தை நாலாக மடித்துப் பெட்டியின் வாயில் வைத்தான். விரலால் உள்ளே தள்ளினான். காலிப் பெட்டிபோல, தாள் அடியில் விழும் சத்தம்கூடக் கேட்டது.

அவன் நொண்டிக்கொண்டே, கதவு வழியாக வெளியே போனான்.